போறேன் சொன்ன படலம்

வாழ்க ஞானசிகாமணி! பொதிகைத் தலையில் பிறந்து, பாபநாசத்துப் பாறைகளில் குதித்து, அணைதோறும் இளைப்பாறி, கால்வாய்தோறும் கிளைபிரிந்து, கடைசியில் வண்ணார்பேட்டைக் குழாயில் காலை ஐந்தரைக்கு வந்து சேரும் பொருநையாற்றுத் தண்ணீரை, ஊரார் வெறும் தண்ணீர் என்று குடித்துவிட்டுப் போகையில், இஃது இட்டிலிக்கென்றே இறைவன் இறக்கிவைத்த அமுதம் எனக் கண்டுகொண்ட கூரறிவாளன், ஈரமாவு வேந்தன், எட்டுக் கிரைண்டர்களுக்கு ஏகச் சக்கரவர்த்தி, உளுந்தின் தோலுரித்த உரவோன், பாளையங்கோட்டை ஆலயப் பாடற்குழுவில் இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தாழ்குரல் பிடித்துவரும் தகைமையாளன், ஐம்பத்துநான்கு வயதும் பதினோரு மாதமும் நிரம்பிய அந்த ஆண்தகை வாழ்க! அவன் கடையின் பெயர் பாக்கியம் ஈரமாவு. ஒரு கிலோ பாக்கெட்டும் அரைக் கிலோ பாக்கெட்டும் கிடைக்கும்.

காவியம் பாடப் புகுவோர் முதலில் ஒரு தெய்வத்தைத் துணைக்கு அழைப்பார்கள். நம் நாயகன் சபைக்காரன். அவன் கதைக்காக நான் வேறொரு வாசலில் போய் நின்றால் அவனுடைய போதகர் என்னைச் சும்மா விடமாட்டார். ஆகவே, வாங்கி ஆறாண்டாகியும் ஒரு முத்திரைகூட விழாத அவன் பாஸ்போர்ட்டின் முப்பத்தாறு வெண்பக்கங்களே, உங்களையே அழைக்கிறேன். அடியேன் நாவில் வந்து அமருங்கள். அவன் பொருத போரில் வில்லில்லை, வேலில்லை, யானையில்லை, குதிரையில்லை. எதிரியாக நின்றது மூன்றெழுத்தில் ஒரு சொல்.

நாயகனுக்கு ஓர் ஆசை இருந்தது. பூமிப்பந்தின் நெற்றிக்கு அருகே, ஆண்டில் ஐந்து மாதம் பனி கொட்டும் நாடு ஒன்று உண்டு. அதன் பெயரைச் சொல்லமாட்டேன்; அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கும் பழக்கம் உண்டென்று கேள்வி. அங்கே குடியேறிய தமிழர் வேலையும் வீடும் காரும் பெற்று, ஒரு பெருந்துயர் மட்டும் தீராமல் வாழ்கிறார்கள். மாவு பொங்குவதில்லை. மாவுச் சட்டியைக் கம்பளியால் போர்த்துகிறார்கள், அடுப்புப் பெட்டிக்குள் விளக்கெரியவிட்டு உள்ளே வைக்கிறார்கள், கணப்பருகே பச்சைப்பிள்ளையைப்போல் படுக்கவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. வாடிக்கையாளர்களின் மக்களும் மருமக்களும் தொலைபேசியில் இந்த அவலத்தைச் சொல்லச் சொல்ல, ஞானசிகாமணியின் நெஞ்சு அவனுடைய மாவைப்போலவே மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. அங்கேயே போய் ஒரு மாவுத் தொழிற்சாலை தொடங்குவது என்று தீர்மானித்தான்.

தீர்மானித்தவன் நேரே ஏறிய மாடி, வண்ணார்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, விசா ஆலோசகர் முகம்மது சுல்தானின் மாடி. மேலப்பாளையத்துக்காரரான சுல்தான், எந்த நாட்டுக்கு எந்தக் கதவு, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, எந்தச் சாவி போன மாதத்தோடு செல்லாமல் போயிற்று என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர். தேநீர் வருவதற்குள் அவர் அந்தப் பனிநாட்டுக் கோட்டையின் நான்கு வாயில்களையும் நாயகனுக்கு வரைந்து காட்டினார்.

கேளுங்கள், அவ்வாயில்களின் பெருமையை. முதலாவது பொன்வாயில். அந்நாட்டு அரசின் கடன்பத்திரத்தில் பெருந்தொகை போட்டவருக்கு அது தானே திறந்து தலைவணங்கும். அவர் அங்கே போய் வசிக்கக்கூட வேண்டியதில்லை. தொகையை எழுதத் தொடங்கிய சுல்தான், சுழியம் போட்டுக்கொண்டே போய்த் தாளின் ஓரத்தில் முட்டி நின்றார். இரண்டாவது மாளிகைவாயில். பெரிய வீடு ஒன்றை வாங்கினால் வீட்டோடு வதிவிட அனுமதியும் சேர்ந்து வரும். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் போகவே, அந்த வாயிலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். மூன்றாவது கிளைவாயில். இங்கே பெரிய கம்பெனி வைத்திருப்பவர் அங்கே ஒரு கிளை திறந்து மேலாளரை அனுப்பலாம். நம் வேந்தனுக்கு வண்ணார்பேட்டைக் கடையை விட்டால், சமாதானபுரத்து மளிகைக்கடை ஒன்றில் பாதிக் குளிர்பெட்டி இருந்தது. அதைக் கிளை என்று சொல்ல சுல்தானின் மனச்சாட்சி இடம் தரவில்லை.

எஞ்சியது நான்காவது, உழைப்புவாயில். தொழில் செய்பவர் தாமே நேரில் வந்து, புதுத் தொழில் தொடங்கி, அந்நாட்டார் இருவருக்கேனும் வேலை கொடுத்து, மூன்றாண்டு அதைத் தூக்கி நிறுத்திக் காட்டினால் நிரந்தர வதிவிடம். அதற்குக் காவல் நிற்பவை இரண்டு நிபந்தனைகள். விண்ணப்பம் முடிவாகும் நாளில் ஐம்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. அங்கேயே குடியிருக்கும் எண்ணம் உண்மையானது என்று அதிகாரி நம்பவேண்டும். முதல் நிபந்தனைக்கு, நேர்காணல் நாள் வந்தபோது, நாயகனிடம் ஒரு மாதம் மிச்சமிருந்தது. இரண்டாவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஆலோசகர் எழுதிக்கொடுத்த நாற்பத்தொரு பக்கத் தொழில்திட்டமும், காவல்துறைச் சான்றும், மார்பு எக்ஸ்ரே படமும், மனைவி பாக்கியவதியின் பெயரைத் துணைவிண்ணப்பதாரர் என்று தாங்கிய படிவமும் ஏற்கெனவே கடல் கடந்து போயிருந்தன. ஒரு திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சுல்தானின் மாடியில், கணினித் திரையில், முதற்போர் மூண்டது. திரையின் ஒரு கட்டத்தில் செம்பட்டைப் புருவத்து அதிகாரி. மறு கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் ஸ்டெபி. அவளுடைய பெற்றோர் உவரிக்குப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போனவர்கள்; அவள் பிறந்ததும் வளர்ந்ததும் அந்தப் பனியில். தமிழை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்துப் பரிசும் வாங்கியவள். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதற்குரிய பொருளைப் பிசகாமல் எடுத்துத் தருவாள்.

தொடக்கத்தில் நாயகனுக்கே வெற்றி. திட்டத்தில் எங்கு பார்த்தாலும் புளிக்கவைத்தல், புளிக்கவைத்தல் என்று வருகிறதே, அங்கே காய்ச்சப்போவது சாராயமா என்று அதிகாரி ஐயுற்றார். பாடற்குழுவின் தாழ்குரல் அதைக் கேட்டு மேல்குரலாயிற்று. தன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருமல் மருந்தைக்கூட லேபிள் பார்த்துத்தான் குடிப்பது வழக்கம் என்று அவன் முழங்கிய முழக்கத்தில் கீழ்க்கடையில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். உளுந்து எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை சூடு, குளிர்நாட்டில் மாவைப் பொங்கவைக்கும் அறையை எப்படிக் கட்டுவது என்று அவன் சொன்னதை அதிகாரி விரும்பிக் குறித்துக்கொண்டார். செம்பட்டைப் புருவங்கள் இரண்டும் இளகின.

போரின் முடிவில், எங்கள் நாட்டில் குடியேறுவதுபற்றிக் கடைசியாக என்ன சொல்கிறீர்கள் என்று ஸ்டெபி வழியாகக் கேட்டார் அதிகாரி. கேள்வி முடிந்தது, விடைபெறும் நேரம் வந்தது என்று கண்ட ஞானசிகாமணி, கைகூப்பி, முகம் மலர்ந்து, முன்னோர் வழிவந்த பண்பு ஒன்றும் குறையாமல் மொழிந்தான்.

"ரொம்ப சந்தோசம்மா. நல்லபடியா போயிட்டு வாரேன்."

ஸ்டெபி அதை ஆங்கிலத்தில் வைத்தாள். போவாராம், திரும்பி வருவாராம். செம்பட்டைப் புருவம் ஒன்று மேலே ஏறியது. எப்போது வருவார் என்று அதிகாரி கேட்க, "எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்" என்றாள் அவள். தன்னை அந்நாடு இத்தனை ஆவலாய் எதிர்பார்ப்பது கண்டு நாயகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மிசின் எல்லாம் கப்பல் ஏறினதும், ரெண்டே மாசத்துல வந்துருவேன் என்று வாக்களித்தான்.

நான்காம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தாம் இந்நாட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் தாய்நாடு திரும்பிவிடப்போவதாகத் தம் வாயாலேயே தெரிவித்தமையால், வதியும் எண்ணம் அவருக்கு இல்லை என்பது உறுதியாகிறது என்றது கடிதம். மறுபரிசீலனைக்கு ஒரே ஒரு நேர்காணல் தரப்படும். முடிவு அப்போதே சொல்லப்படும். அதற்குமேல் முறையீடு இல்லை. நேர்காணல் நாளைப் பார்த்தார் சுல்தான். நாயகனுக்கு ஐம்பத்தைந்து நிறைவதற்கு முந்தைய நாள் அது.

கடிதத்தை நான்குமுறை வாசித்த சுல்தான், ஐந்தாம் முறை தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு விளக்கினார். அங்கே பதிவேட்டில் 'போய்த் திரும்பி வருவார்' என்று ஏறிவிட்டது. இனி அதிகாரி கேட்கப்போவது ஒரே கேள்வி, போகிறீரா, போய் வருகிறீரா என்பதுதான். அதற்கு வளைவில்லாத ஒரு விடை வேண்டும்.

"அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம். போறேன், அங்கனயே இருப்பேன், அப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றார் சுல்தான்.

ஞானசிகாமணி வாயைத் திறந்தான். "போ" வந்தது. அடுத்த எழுத்து வரவில்லை. மறுபடி திறந்தான். "போயிட்டு" வந்தது. சுல்தான் கையை உயர்த்தி நிறுத்தினார்.

தமிழறிந்த பெருமக்களே, இது எளிய காரியம் என்று சிரிக்கவேண்டாம். நீங்களே இப்போது எழுந்து, செருப்பை மாட்டி, வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களைப் பார்த்து, போறேன் என்று சொல்லிப் பாருங்கள். முடிகிறதா? நாம் சந்தைக்குப் போனாலும் வருகிறோம், சீமைக்குப் போனாலும் வருகிறோம், கட்சி மாறிப் போனாலும்கூட வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறோம். நல்ல குடியில் பிறந்த எந்த நெல்லைக்காரனும் வாசற்படியில் நின்று அந்த மூன்றெழுத்தை உச்சரித்ததில்லை. உச்சரிக்கிறவன் ஒன்று சண்டை போட்டிருப்பான், அல்லது நினைப்பு வேறெங்கோ இருந்திருக்கும்.

அதிலும் நாயகனின் இல்லம் இருக்கிறதே, அது இந்த விஷயத்தில் முள்வேலி போட்ட கோட்டை. பாக்கியவதி பள்ளியில் தமிழாசிரியை. ஓரெழுத்தொருமொழி நாற்பத்திரண்டையும் எட்டாம் வகுப்புக்கு ஒப்பிக்கவைக்கும் அவர், அதில் 'போ' என்பதை மட்டும் சற்றே முகம் சுளித்துத்தான் கடப்பார். கல்யாணமான மூன்றாம் நாள், தேங்காய் வாங்கக் கிளம்பிய மாப்பிள்ளை வாய்தவறிப் போறேன் என்றுவிட, தெருமுனைவரை ஆள் அனுப்பி அவனைத் திரும்ப அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கச்செய்து, முதலிலிருந்து கிளம்பவைத்த அம்மையார் அவர். அன்றுமுதல் இன்றுவரை முப்பது ஆண்டு அந்த வீட்டில் அச்சொல் ஒலித்ததில்லை.

ஆலோசனை மாடியில் ஆயுதங்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப்பட்டன. கிளம்புதேன் என்றால் என்ன என்றான் நாயகன். கிளம்புகிறவர் திரும்புவாரா மாட்டாரா என்பது அதில் இல்லை என்று தள்ளினார் சுல்தான். புறப்படுதேன் என்பதும் அதே காரணத்தால் முறிந்து விழுந்தது. ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுகிறேன் என்று 'ஐ கோ' வரைக்கும் போனான். நாக்கு தன் பழக்கத்தை விடாமல் 'அண்ட் கம்' என்று சேர்த்தது. வேறு வழியில்லை, பயிற்சிதான் என்று முடிவாயிற்று.

அந்தப் பயிற்சிப் பருவத்தின் துயரங்களை எந்த நாவால் சொல்வேன்! முதலில் கடையில் தொடங்கினான். பாக்கெட் ஒட்டும் நஃபீஸத்திடம் சென்று, மூச்சை இழுத்துப் பிடித்து, நான் போ, நான் போ என்று இருமுறை முன்னேறி, மூன்றாம் முறை, போனைப் பாத்துக்கோம்மா என்று பின்வாங்கினான். அந்தப் பெண் பிற்பகல் முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து வீட்டில். காலையில் படியிறங்குகையில் போறே என்பதுவரை ஏறி, ஒற்றெழுத்தில் வழுக்கினான்; பாதிச் சொல்லும் குற்றமே என்று உள்ளே அழைக்கப்பட்டு, உட்காரவைக்கப்பட்டு, தண்ணீர் குடித்துக் கிளம்பினான். ஏதோ மறதி என்று பாக்கியவதி நினைத்தார். ஒரே நாளில் அவன் ஏழுமுறை கிளம்பி ஏழு தம்ளர் குடித்தபோது, சர்க்கரை சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

நேர்காணலுக்கு மூன்று நாள் இருக்கையில் நாயகனுக்கு ஒரு வழி புலப்பட்டது. யாரும் கேட்காத இடத்தில் முதல்முறை சொல்லிவிட்டால், அடுத்த முறை தானே வரும். யாரும் கேட்காத இடம் எது? பேரிரைச்சல் உள்ள இடம். அவன் பாபநாசம் பஸ் ஏறினான். விக்கிரமசிங்கபுரத்தில் பஸ் பாதி காலியாயிற்று. பாபநாசத்தில் முழுவதும் காலியாயிற்று. அருவிக்கரைக்கு நடந்தான். அன்று நல்ல தண்ணீர். மலையே உருகி விழுவதுபோல் அருவி விழ, திவலை முகத்தில் தெறிக்க, வேட்டியை மடித்துக்கட்டி, கம்பித் தடுப்பின் ஓரத்தில் கால்பரப்பி நின்று, இருபத்தொன்பது ஆண்டுப் பாடற்குழுப் பயிற்சியை அடிவயிற்றிலிருந்து திரட்டி, பொருநை அன்னையே கேள் என்று மனத்துக்குள் விளித்து, விண்ணதிர, மண்ணதிர, மந்திகள் கிளைவிட்டுக் கிளைதாவ, முதன்முதலாக, முழுதாக, ஓங்கி மொழிந்தான்.

"போறேன். நான் போறேன். திரும்பி வரவே மாட்டேன்."

சொல்லி முடித்த இன்பத்தில் கண்ணை மூடினான். மூடியபோது இரண்டு கைகள் அவனைப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துப் பாறைக்கு இழுத்துப் போட்டன. கைகளுக்கு உரியவர் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி ஆவுடைநாயகம். வார விடுமுறைக்குக் குளிக்க வந்தவர்.

"என்ன காரியம் செய்யுதீரு வே. கஷ்டம் யாருக்குத்தான் இல்ல" என்றார் அவர், பிடியைத் தளர்த்தாமல்.

விசாவுக்காக என்றான் நாயகன். விசா கிடைக்காததற்காகவா என்று ஆவுடைநாயகம் இன்னும் இறுக்கினார். கிடைப்பதற்காகத்தான் என்று அவன் விளக்கிய விளக்கம், கூடியிருந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆளுக்கொரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். ஆவுடைநாயகம் அவன் போனையே வாங்கி அவன் வீட்டுக்கு அழைத்தார். உங்க வீட்டுக்காரரு அருவிக்கரையில நின்னு என்னமெல்லாமோ சொல்லிக் கத்துதாரு அக்கா என்றார். தண்ணியில இறங்கினாரா என்று கேட்டார் பாக்கியவதி. இல்லை, பிடித்துவிட்டோம் என்றார். என்ன சொல்லிக் கத்தினார் என்று கேட்டார். ஆவுடைநாயகம் அதையும் சொன்னார்.

அன்று மாலை வீட்டு முன்னறையில் நாயகன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டான். கடிதம், பதிவேடு, சுல்தானின் யோசனை எல்லாவற்றையும் கக்கினான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். பாக்கியவதிக்குக் கோபம் வரவில்லை, கண்தான் கலங்கியது. அந்தக் குளிருக்கு எனக்குப் பயமில்லை, அந்த ஊருக்கும் பயமில்லை என்றார் முதலில். அப்புறம் சொன்னது இது.

"முப்பது வருசத்துல நீங்க எங்கிட்ட ஒழுங்கா சொல்லுத வார்த்தை அது ஒண்ணுதாங்க. வாரேன்னு சொல்லிட்டுப் போறீங்க. வாரீங்க. அதக் கேட்டாத்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்."

போர்க்களத்தில் யானை சாய்ந்தாலும் சாயாதவன் நம் நாயகன்; இந்தச் சொல்லில் சாய்ந்தான். இத்தனை ஆண்டில் மனைவியிடம் தான் பேசியவற்றை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தான். உளுந்து விலை, கரண்ட் கட், ஆலயத்துக்கு நேரமாயிற்று, இவைதான் தட்டுப்பட்டன. வெட்கமாக இருந்தது. விசா வேண்டாம், இங்கேயே இருந்துவிடலாம் என்றான். பாக்கியவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசிரியைக் குரலுக்குத் திரும்பினார். ஆசைப்பட்டது ஆசைப்பட்டதுதான், சொல்லுங்கள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது, அந்தத் திரையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று ஆணையிட்டார்.

வந்தது இறுதிப்போர். ஐம்பத்துநான்கின் கடைசி நாள், பிற்பகல் மூன்று மணி, சுல்தானின் மாடி, மின்வெட்டுக்கு அஞ்சிக் கீழ்க்கடையிலிருந்து இரவல் வாங்கிய இன்வெர்ட்டர் ஒரு மூலையில் காவல் நிற்க, ஆலயத்துக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையோடு நாயகன் ஒரு நாற்காலியிலும், பட்டுப்புடவையோடு பாக்கியவதி மறு நாற்காலியிலும், இருவருக்கும் பின்னால் நகம் கடித்தபடி சுல்தானும் அமைய, திரை விளக்கேறியது. அதே செம்பட்டைப் புருவம். அதே ஸ்டெபி. நலம் விசாரிப்பு இல்லை. அதிகாரி கோப்பைப் பார்த்தார், கேள்வியைப் போட்டார். ஸ்டெபி அதைத் தமிழில் இறக்கினாள். எங்கள் நாட்டுக்கு வந்து குடியிருக்கப்போகிறீரா, அல்லது போய்த் திரும்பிவிடப்போகிறீரா?

நாயகன் எழுந்தான். எழத் தேவையில்லை, ஆனால் எழுந்தான். மனைவியின் முகம் இருந்த திசையை விட்டுத் தன் முகத்தைத் திருப்பினான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, இத்தனை தலைமுறைப் பாட்டன்மாரும் தொண்டைக்குள் வரிசையாக நின்று வேண்டாமடா வேண்டாமடா என்று கைவிரித்து மறிக்க, அவர்களை ஒவ்வொருவராக விலக்கி, முண்டி, முட்டி, மோதி, வியர்த்து, காது சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, அருவியின் துணையும் இல்லாமல், அமைதியான அறையில், அந்த மூன்றெழுத்தையும் அவன் சொல்லிவிட்டான்.

"போறேன்."

பின்னால் சுல்தான், அல்ஹம்துலில்லாஹ் என்றார் மெல்ல. பக்கத்து நாற்காலியில் பாக்கியவதி உதட்டைக் கடித்துக்கொண்டார். திரையில்தான் எதிர்பாராதது நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பரிசு வாங்கிய ஸ்டெபி, அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல், தடுமாறி, முறை மறந்து, நேரே அவனிடமே பேசினாள்.

"அங்கிள், அப்படிச் சொல்லாதீங்க. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் ஏசுவாங்க."

என்ன நடக்கிறது என்று கேட்டார் அதிகாரி. அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தன் வேலைக்கு அது நல்லதா கெட்டதா என்று பாராமல், உள்ளதைச் சொன்னாள். போன முறை தான் சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னதாகவும், பொருளைத் தவறவிட்டதாகவும் சொன்னாள். யாருடைய பெயரும் சொல்லாமல், அந்தத் தொடருக்கு என்ன பொருள் என்று மட்டும் வீட்டில் தன் தாயிடம் கேட்டாளாம். அந்த உவரிக்கார அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீ தினமும் காலையில் வீட்டைவிட்டு இறங்கும்போது நான் சொல்லச் சொல்லி அடித்துக்கொள்கிறேனே, அதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தாய் என்று கேட்டாராம். எங்கள் மக்கள் போகும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், அது ஒரு மரியாதை, ஒரு பாசம், அவ்வளவுதான் என்று முடித்தாள். இரண்டு மாதத்தில் வருவேன் என்றதும் அங்கிருந்து இங்கே வருவதைத்தான் என்றும் சேர்த்தாள்.

செம்பட்டைப் புருவங்கள் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அதிகாரி எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். சுல்தானின் ஒரு கைநகம் முழுவதும் தீர்ந்து மறுகைக்கு மாறியது. எழுதி முடித்த அதிகாரி, துணைவிண்ணப்பதாரரையும் கேட்டாகவேண்டும் என்பது விதி என்றார். கேள்வி பாக்கியவதியிடம் வந்தது. அம்மா, உங்கள் கணவரோடு நீங்களும் வந்து எங்கள் நாட்டிலேயே குடியிருப்பீர்களா?

சுல்தான் பின்னாலிருந்து உதட்டசைவில் மூன்றெழுத்தையும் எடுத்துக் கொடுத்தார். நாயகன் கண்ணால் கெஞ்சினான். எட்டாம் வகுப்பு முழுவதும் நடுங்கும் அந்த நேர்ப்பார்வையைத் திரைமேல் நிறுத்தி, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, முப்பதாண்டு காவல் காத்த கோட்டையின் ஒரு கல்லையும் பெயர்க்காமல், தெளிவாக, அழுத்தந்திருத்தமாக, பாக்கியவதி விடை சொன்னார்.

"ரெண்டு பேருமா போயிட்டு வாரோம்."

நாயகன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். சுல்தான் கண்ணை மூடினார். கடல் கடந்த அறையில் அதிகாரி ஸ்டெபியின் பக்கம் திரும்பினார். அவள் புன்னகையை அடக்கிக்கொண்டு, ஒரே சொல்லில், எஸ் என்றாள்.

அதன்பின், ஊராரே, என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். முரசம் அதிர்ந்ததா, சங்கம் முழங்கியதா, ஐம்பத்தைந்தாம் வயதின் வாசற்படியில் ஒரு காலும் ஐம்பத்துநான்கில் ஒரு காலுமாக நின்ற அந்த ஈரமாவு வேந்தன்மேல் வானோர் மலர்மாரி பொழிந்தனரா, பனிநாட்டுத் தமிழர் திரண்டு வந்து பொங்காத மாவுச் சட்டிகளைத் தலைமேல் ஏந்தி எதிர்கொண்டனரா, எட்டுக் கிரைண்டர்களும் ஒருசேரச் சுழன்று எண்டிசையும் வெண்மாவு தெளித்தனவா, வண்ணார்பேட்டை மேம்பாலத்தின் கீழ் போக்குவரத்து ஒரு நாழிகை நின்று அவனை வாழ்த்தியதா என்று கேட்பீர்கள். போன புதன்கிழமை இரண்டு பேரும் போனார்கள்.